கொங்குத் தோட்டத்தில் கோடைக்கால பார்பிக்யூ: முதல் முறை நடத்துகிறவர்களுக்கு

நாளும் பொழுதும்

பார்பிக்யூ வைக்கலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் தேடுவது மசாலாக் குறிப்பைத்தான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காலண்டரை எடுங்கள். பங்குனி, சித்திரையில் கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) நடக்கும். பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், நோம்பி முடிகிற வரைக்கும் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். உங்கள் ஊரை மட்டும் பார்த்தால் போதாது. யாரை அழைக்கப் போகிறீர்களோ அவர்கள் ஊரிலும் எப்போது சாட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ஏனுங்க மாமா, உங்கூர்ல நோம்பி எப்பங்க?" என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகையில் கவிச்சி தொடாத பெரியவர்களும் நிறைய இருக்கிறார்கள். இதையெல்லாம் கழித்தால் ஞாயிற்றுக்கிழமைதான் மிஞ்சும். அதுவே நல்லது, அன்றைக்குத்தான் கறிக்கடையில் விடிகாலையிலேயே புதுக்கறி தொங்கும்.

அடுத்தது பருவம். மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில். அந்த நாட்களில் பகல் விருந்தை யோசிக்கவே வேண்டாம். கங்குக்குப் பக்கத்தில் நிற்பவர் சுருண்டு விழுவார். மே கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பிடிக்கத் தொடங்கும். உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அது பிடித்த பிறகு திறந்த வெளியில் கரி அடுப்பு வைப்பது வீண்வேலை. சாம்பல் பறந்து கறியில் ஒட்டும், பொறி பறந்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே மார்ச் கடைசி முதல் மே நடுப்பகுதிக்குள், மாலை நேரத்தில் வையுங்கள். நம் பக்கம் அந்த மாதங்களில் பொழுது சாய ஆறரை மணி ஆகிவிடும். ஆறு மணிக்கு ஆட்கள் வந்து, ஏழு மணிக்குச் சாப்பாடு சூடு பிடித்தால் சரியாக இருக்கும்.

சித்திரை மாலைகளில் கோடை மழையும் உண்டு. மூன்று, நான்கு மணிக்கே மேகம் திரண்டு புழுக்கம் கூடினால் மாற்றிடம் தயாராக இருக்கட்டும். மழைக்கு மனிதர்கள் சாளைக்குள்ளோ (தோட்டத்து வீடு) போர்டிகோவுக்கோ போகலாம். கரி அடுப்பை மட்டும் எந்த அறைக்குள்ளும், மூடிய கொட்டகைக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறதே என்று நம்பி உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போனவர்கள் உண்டு. மழை வந்தால் அடுப்பு வெளியிலேயே நனையட்டும். மீதிக் கறியை உள்ளே எடுத்துப்போய் தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.

இடம் பார்ப்பது

தோட்டம் இருக்கிறவர்களுக்குக் களத்தை விட நல்ல இடம் கிடையாது. தேங்காய், மிளகாய் காயப்போடுகிற சிமெண்ட் களத்தில் புல் இல்லை, சருகு இல்லை, நாற்காலி ஆடாது. நேரடியாக சிமெண்ட் மேல் கங்கைக் கொட்டினால் தளம் வெடிக்கும் என்பதால், அடியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன் மேல் செங்கல் அடுக்கி அடுப்பை வையுங்கள். டவுனில் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து இடம்தான் இருக்கிறது என்றாலும் செய்யலாம். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று பார்த்து, முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவர்களையும் அழைத்துவிடுங்கள்.

தோட்டத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு, எதையும் விட்டுவிட வேண்டாம். தென்னை நிழல் குளுகுளுவென்று இருக்கிறது என்று அங்கே ஜமக்காளம் விரிக்காதீர்கள். காய்ந்த மட்டை எப்போது விழும் என்று மரத்துக்கே தெரியாது, நெத்துக்காய் தலையில் விழுந்தால் விருந்து ஆஸ்பத்திரியில்தான் முடியும். வேம்பும் புளியும் நல்ல நிழல். ஆனால் அண்ணாந்து பார்த்து மலைத்தேன் கூடோ கதண்டுக் (பெரிய குளவி) கூடோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே இருந்து புகை போனால் அவை கலைந்து இறங்கும், அப்புறம் யாராலும் நிற்க முடியாது. சோளத்தட்டுப் போர், தென்னங்கீற்றுக் கூரை, கரும்புச் சோகை இவற்றிலிருந்து அடுப்பு குறைந்தது 15 மீட்டராவது தள்ளி, பொறி அவற்றின் மேல் பறக்காதபடி காற்று போகும் பக்கம் இருக்க வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் போருக்கு ஒரு பொறி போதும்.

கிணறு. நம் தோட்டக் கிணறுகளில் பாதிக்குச் சுற்றுச்சுவரே இருக்காது. டவுனிலிருந்து வரும் குழந்தைகளுக்கு அது தெரியாது. ஓடிப் பிடித்து விளையாடும்போது பார்க்கவும் மாட்டார்கள். கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், ஒரு விளக்கு போடுங்கள். அதற்கு மேல், அன்று மாலை முழுக்கக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை நியமித்து, அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுப்பு

கடையில் விற்கும் பார்பிக்யூ அடுப்பு நான்கு பேருக்குத்தான் சரி. பதினைந்து பேர் என்றால் வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டில் பட்டறைக்கா பஞ்சம்? சமையல் எண்ணெய் வந்த டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்து, இடுப்பு உயரத்துக்குக் கால் வைத்து, அடியில் நாலைந்து ஓட்டை போட்டால் அடுப்பு. மறுபாதிக்குக் கைப்பிடி வைத்தால் மூடி. மருந்து, கெமிக்கல் வந்த டிரம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் டிரம்மாக இருந்தாலும் முதல் முறை சமைப்பதற்கு முன் வெறும் அடுப்பில் ஒரு மணி நேரம் நன்றாக விறகு எரித்து, உள்ளே இருக்கும் பெயிண்ட்டைப் பொசுக்கிவிடுங்கள்.

மேலே வைக்கும் கம்பித்தட்டுக்கு எஸ்.எஸ். கம்பி கேளுங்கள். ஜி.ஐ. கம்பியும், கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வலையும் துத்தநாகப் பூச்சு உள்ளவை. சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை உடம்புக்கு ஆகாது. கம்பிக்குக் கம்பி ஒரு விரல்கடை இடைவெளி, கங்குக்கும் தட்டுக்கும் ஒரு சாண் உயரம்.

டிரம் இல்லாவிட்டால் செங்கலை இரண்டு வரிசையாக மூன்று அடுக்கு அடுக்கி, நடுவில் கரி, மேலே தட்டு. இதுவே தாராளம். ஆற்றில் பொறுக்கிய கல்லை மட்டும் அடுக்காதீர்கள்; உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

கரியும் கங்கும்

விருந்து நன்றாக அமைவதும் கெடுவதும் இங்கேதான். மசாலா சுமாராக இருந்தாலும் கங்கு சரியாக இருந்தால் கறி ருசிக்கும். கங்கு சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட மசாலாவும் மேலே கருகி, உள்ளே பச்சையாக, மண்ணெண்ணெய் வாசத்தோடு தட்டுக்கு வரும்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தேங்காய்த் தொட்டிக்கரி (சிரட்டைக் கரி) கிடைக்கிறது. காங்கயம், பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் கொப்பரைத் தொழில் நடப்பதால் தொட்டியும் மலிவு, அதைச் சுட்ட கரியும் மலிவு. நன்றாகச் சுட்ட தொட்டிக்கரி நல்ல சூடு தரும், புகை குறைவு. வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள்: டக்கென்று ஒடிய வேண்டும், ஒடிந்த இடம் கருப்பாக மின்ன வேண்டும். பழுப்பாக இருந்தால் அரைகுறையாகச் சுட்டது, புகைந்துகொண்டே இருக்கும். துண்டுகள் மெல்லிசு என்பதால் சீக்கிரம் சாம்பலாகும். அதனால் அடியில் பெரிய மரக்கரித் துண்டுகள், மேலே தொட்டிக்கரி என்று கலந்து போடுவதே என் வழக்கம். இஸ்திரிக் கடைக்காரரிடம் கேட்டால் மரக்கரி எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். பதினைந்து பேருக்கு நான்கு கிலோ போதும், இரண்டு கிலோ கையிருப்பில் இருக்கட்டும்.

பற்றவைக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வேண்டாம். வாசம் கறியில் ஏறும் என்பது ஒரு பக்கம். எரிகிற கரியில் ஊற்றினால் தீ கைக்கே தாவும். தோட்டத்தில் கிடக்கிற காய்ந்த பன்னாடையும் பாளையும் தேங்காய் மட்டை நாரும் எந்தப் பற்றவைப்புக் கட்டிக்கும் குறைந்தவை அல்ல. காலியான 15 கிலோ கடலெண்ணெய் டின் ஒன்றை எடுத்து, மேலும் கீழும் வெட்டி எடுத்துவிட்டு, அடியிலிருந்து நான்கு விரல்கடை உயரத்தில் குறுக்கே நாலைந்து கம்பி செருகி, அதற்குக் கீழே சுற்றிலும் ஆணியால் ஓட்டை போடுங்கள். பக்கத்தில் ஒரு கைப்பிடியும் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். டின்னை அடுப்புக்குள் நிறுத்தி, கம்பிக்குக் கீழே பன்னாடையைத் திணித்து, மேலே கரியை நிரப்பிப் பற்றவையுங்கள். காற்று கீழிருந்து மேலே இழுக்கும்; விசிறவே தேவையில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மேல் கரியின் ஓரமெல்லாம் வெள்ளையாகச் சாம்பல் பூக்கும். அப்போது தடித்த கையுறை போட்டுக்கொண்டு டின்னைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்துவிடலாம்.

கவிழ்த்ததும் கறியை வைக்கக் கூடாது. எரிகிற சுடர் அடங்கி, எல்லாத் துண்டும் சாம்பல் போர்த்து, உள்ளே செக்கச்செவேல் என்று கனல வேண்டும். இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். பசியோடு சுற்றி நிற்பவர்கள் "வெச்சரலாமுங்க, தீ நல்லா எரியுது" என்பார்கள். பொறுத்திருங்கள். சுடரில் கறி கருகும், கங்கில்தான் வேகும்.

அப்புறம் கங்கை அடுப்பு முழுக்கப் பரப்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் கங்கு, மீதி இடம் வெறுமையாக இருக்கட்டும். கங்கு இருக்கும் பக்கம் வாட்டுவதற்கு, வெறும் பக்கம் மூடி போட்டு நிதானமாக வேகவைப்பதற்கு. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கறியை வெறும் பக்கம் தள்ளிவிடுங்கள், தானே அடங்கும். தண்ணீர் தெளித்தால் சாம்பல் எழும்பிக் கறியில் படியும்.

சூடு போதுமா என்று பார்க்க உள்ளங்கையே போதும். தட்டுக்கு மேலே ஒரு அரைச் சாண் உயரத்தில் கையைப் பிடித்து எண்ணுங்கள். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தால் ஈரல், சாப்ஸுக்கு ஏற்ற சூடு. நான்கு, ஐந்து வரை தாங்கினால் கோழிக்கும் பனீருக்கும் சரி. ஏழு, எட்டு வரை சுகமாக இருந்தால் கரி சேர்க்கும் நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். புதுக் கரியை அப்படியே அள்ளிப் போடக் கூடாது. புகைந்து மணத்தைக் கெடுக்கும். டின்னில் தனியாகப் பற்றவைத்துக் கனிந்த பிறகு சேருங்கள்.

எவ்வளவு வாங்குவது

பெரியவர் ஒருவருக்கு எலும்போடு 300 முதல் 350 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு அதில் பாதி. பன்னிரண்டு பெரியவர், மூன்று குழந்தைகள் என்றால் கோழிக்கால் மூன்று கிலோ, மட்டன் சாப்ஸ் ஒரு கிலோ, ஆட்டு ஈரல் அரைக் கிலோ போதும். கூடவே சோறும் கிழங்கும் வரப்போவதால் இதற்கு மேல் வாங்கினால் மிஞ்சும்.

நாட்டுக்கோழி ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் முட்டையிட்டு முதிர்ந்த கோழி கங்கில் வேகாது, ரப்பராக இழுக்கும். அது குழம்புக்கு. சுடுவதற்கு வெடக்கோழி (இன்னும் முட்டையிடாத இளங்கோழி) என்று கேட்டு வாங்குங்கள். அதையும் மஞ்சள், உப்பு போட்டுக் கால் மணி நேரம் வேகவைத்த பிறகே தட்டில் ஏற்றுங்கள். முதல் முறை செய்கிறவர்களுக்குப் பல்லடம் பக்கத்துப் பண்ணைக் கறிக்கோழியே நல்லது என்பேன். கொஞ்சம் முன்பின் ஆனாலும் மன்னிக்கும். தோலோடு முழுக்காலாக வெட்டித் தரச் சொல்லுங்கள். தோல் இருந்தால் உள்ளே வறளாது.

காய்கறிக்கு உழவர் சந்தை. தட்டுக்கு வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தோட்டத்தில் அவை பறந்து வாய்க்காலில் போய்க் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தடையே தேவைப்படாது.

ஊறவைப்பது

காலை ஏழு மணிக்குக் கறி வீட்டுக்கு வந்தால் எட்டு மணிக்குள் மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாலை வரை ஊறுவதே போதுமானது.

மூன்று கிலோ கோழிக்காலுக்கு: இருபது வரமிளகாய், மூன்று மேசைக்கரண்டி மல்லி, ஒரு மேசைக்கரண்டி மிளகு, ஒரு மேசைக்கரண்டி சீரகம், அரைக்கரண்டி சோம்பு, இரண்டு துண்டு கல்பாசி. வெறும் சட்டியில் மணம் வரும் வரை வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். இருபது சின்ன வெங்காயத்தைக் கடலெண்ணெயில் வதக்கி, 150 கிராம் இஞ்சி பூண்டோடு மையாக அரையுங்கள். இந்த இரண்டையும் 300 கிராம் கெட்டித் தயிர், ஒன்றரைத் தேக்கரண்டி ஈரோட்டு மஞ்சள், 40 கிராம் உப்பு, நாலு கரண்டி எண்ணெய் சேர்த்துக் கலக்கவும். காலில் எலும்பு வரை மூன்று கீறல் போட்டு, கீறலுக்குள் விரலால் மசாலாவை அழுத்தித் தடவுங்கள். மேலே மட்டும் பூசினால் முதல் கடியோடு ருசி முடிந்துவிடும்.

நம் ஊர்ச் சமையலில் எதற்கும் தேங்காய் அரைத்துவிடும் கை பழகியிருக்கும். சுடுகிற கறியில் வேண்டாம். தேங்காய் விழுது கங்குக்கு மேலே ஐந்து நிமிடத்தில் கருகிக் கசக்கும். தேங்காயைத் துவையலாக அரைத்துத் தொட்டுக்கொள்ள வையுங்கள்.

சாப்ஸுக்குத் தயிர் போதாது. பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்து, கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து, சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் தடவுங்கள். அதில் இருக்கும் பப்பெய்ன் நாரைக் கரைத்துக் கறியை மிருதுவாக்கும். இரவு முழுக்க விட்டால் கறி மாவாகிவிடும். ஈரலுக்கு மிளகுத்தூள், மஞ்சள், எண்ணெய். உப்பைத் தட்டிலிருந்து எடுத்த பிறகு தூவினால் இறுகாது.

இனிப்புப் பூச்சு பிடித்தவர்களுக்கு, கெட்டிப் புளிக்கரைசலில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பாகுபோல் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். கோழி முழுக்க வெந்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில் கறிவேப்பிலைக் கொத்தால் தொட்டுத் தடவவும். முன்னாடியே தடவினால் சர்க்கரை கரியாகும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பச்சைக் கறி கோடை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, சுற்றுச் சுற்றாக எடுங்கள். கடையில் விற்கும் ஐஸ் பார் பெட்டிக்கு மட்டும்; மோரில் போட வீட்டு ஐஸ். பச்சைக் கறி வைத்த தட்டிலும் இடுக்கியிலும் வெந்த கறியைத் தொடக் கூடாது. இரண்டு இடுக்கி வாங்கி ஒன்றின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் குழப்பமே வராது.

கறி சாப்பிடாதவர்களுக்கு

அவர்களுக்குத் தனிக் கம்பித்தட்டு, தனி இடுக்கி. இடம் இருந்தால் தனி அடுப்பே வைத்துவிடலாம். கறி கிடந்த தட்டின் ஓரத்தில் பனீரைச் சுட்டு, "இதுல ஒண்ணும் படலைங்க" என்று நீட்டுவது மரியாதை இல்லை.

உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் மக்காச்சோளம் தாராளம். இளங்கதிராகப் பார்த்து, தோலை உரிக்காமல் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்படியே கங்குப் பக்கம் வையுங்கள். தோல் கருகியதும் உரித்து, இரண்டு நிமிடம் நேராக வாட்டி, ஊத்துக்குளி வெண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவினால் கறிக்காரர்களும் முதலில் இங்கேதான் வருவார்கள். குச்சிக்கிழங்கை (மரவள்ளி) சாப்பாட்டு ரகம்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற ரகங்களில் கசப்பானவை உண்டு. உரித்து, நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டு நன்றாக வேகவைத்து வடித்துவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக எண்ணெய் தடவி வாட்டுங்கள். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். காளான், குடைமிளகாய், பனீரைக் குச்சியில் கோக்கலாம். மூங்கில் குச்சி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும். கத்திரிக்காயைக் கங்குக்குள்ளேயே புதைத்துச் சுட்டு, தோல் நீக்கி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், புளியோடு பிசைந்தால் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும்.

அன்று மாலை

நம் ஆட்கள் கெடா விருந்துக்குப் பழகியவர்கள். பந்தியில் உட்கார்ந்தால் இலை நிறைய ஒரே நேரத்தில் எல்லாம் விழ வேண்டும். பார்பிக்யூவில் அது நடக்காது. ஒரு தட்டில் ஒரு நேரத்துக்கு ஏழெட்டுக் கால்தான் வேகும். இதை யோசிக்காமல் எல்லாரையும் உட்காரவைத்துவிட்டால், முதல் நான்கு பேர் சாப்பிட்டு முடிக்கும் வரை மற்றவர்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மிச்சியும் அப்புச்சியும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் வருத்தம் இருக்கும். அதனால் சுற்று வைத்துப் பரிமாறுங்கள். கூடவே அரிசிம்பருப்பு சாதத்தை மாலை ஐந்தரைக்கே நெய் விட்டுச் செய்து ஹாட் பேக்கில் வைத்துவிடுங்கள். வெங்காயத் தயிர்ப்பச்சடி, மாங்காய்த் துண்டு, தேங்காய்த் துவையல் கையில் இருக்கட்டும். பசிக்கிறவர்கள் காத்திருக்கத் தேவையில்லை.

நாலரை மணிக்கு இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுங்கள், புழுதி அடங்கும். பவானி ஜமக்காளத்தை அடுப்புக்கு மேற்கே, காற்று வரும் பக்கம் விரியுங்கள். புகை மற்ற பக்கம் போகும். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலியும் கயிற்றுக் கட்டிலும். இரண்டு குடம் தண்ணீரும் ஒரு சட்டி மணலும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நாயைக் கட்டிவிடுங்கள், வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், அதற்கு ஆகாது.

ஐந்தேகாலுக்கு டின்னில் கரி பற்றவையுங்கள். ஆறு மணிக்கு ஆட்கள் வரும்போது கங்கு கனிந்திருக்கும். வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர், அப்புறம் நுங்கோ இளநீரோ இஞ்சி தட்டிப் போட்ட மோரோ. அந்த நேரத்தில் தட்டைச் சூடாக்கி, பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் கறி ஒட்டாது. ஆறு ஐந்துக்குக் கோழிக்காலை வெறும் பக்கம் அடுக்கி மூடிவிடுங்கள், அதற்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் வேண்டும். அதே சமயம் கங்குப் பக்கம் சும்மா இருக்க வேண்டாம். ஆறரைக்கு முதல் சுற்று சோளமும் கிழங்கும், குழந்தைகளுக்கு முதலில். ஆறே முக்காலுக்கு ஈரல், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். இது சூட்டோடு பெரியவர்களுக்குப் போக வேண்டும். இதற்கிடையில் டின்னில் அடுத்த கரியைப் பற்றவைத்துவிடுங்கள். ஏழு மணிக்குள் கோழிக்கால்களைக் கங்குப் பக்கம் மாற்றி, திருப்பித் திருப்பித் தோல் மொறுமொறுவென்று ஆகும் வரை வாட்டுங்கள்.

அடுப்புக்காரர் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பரிமாற வேறு ஆள். எப்படியும் யாராவது வந்து நிற்பார்கள். "எடுத்தரலாமுங்களா கண்ணு?" என்று சித்தப்பா கேட்பார். தொடையும் காலும் சேரும் மூட்டில் கத்தி நுனியைக் குத்திப் பாருங்கள். வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். சிவந்து வந்தால், "இன்னொரு அஞ்சு நிமிசமுங்க சித்தப்பா, எலும்போரம் செகப்பா இருக்குதுங்க" என்று சொல்லிவிடுங்கள். கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது; கோழிக்கு உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். எடுத்ததும் வெட்டாமல் ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுக் கொடுங்கள், சாறு உள்ளேயே நிற்கும்.

ஏழரைக்குப் புதுக் கங்கைச் சேர்த்துச் சாப்ஸ்: அரை அங்குலக் கனம் என்றால் பக்கத்துக்கு நான்கு, ஐந்து நிமிடம்.

கம்பித்தட்டு வேலை முடிந்ததும் கங்கு இன்னும் ஒரு மணி நேரம் கனலும். அதை வீணாக்காமல் இரும்பு வாணலியை மேலே வைத்துப் பள்ளிபாளையம் சிக்கன் செய்யலாம். ஆசைப்பட்டால் இதற்கு ஒரு கிலோ கோழியைச் சின்னத் துண்டாகத் தனியாக வாங்கி வைத்து, கோழிக்காலில் ஒரு கிலோவைக் குறைத்துவிடுங்கள். கடலெண்ணெயில் விதை உதறிய வரமிளகாய் பதினைந்து, கால் கிலோ சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பூண்டு வதக்கி, கோழி, மஞ்சள், உப்பு போட்டுக் கிளறி மூடுங்கள். மசாலாத்தூள் எதுவும் கிடையாது. கோழி தானாக விடும் நீரிலேயே வேகட்டும், அடிப்பிடித்தால் மட்டும் ஒரு கை தண்ணீர். முக்கால் பதம் வெந்ததும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைச் சேர்த்துச் சுண்டச் சுண்டப் பிரட்டுங்கள். அரிசிம்பருப்புக்கு இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. விருந்தில் எது பேசப்படும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அணைப்பது

எல்லாரும் கிளம்பிய பிறகு கங்கைக் கிளறிவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கொதி ஆவி முகத்தில் அடிக்கும். கிளறி, ஊற்றி, மறுபடி கிளறி, கையை மேலே பிடித்தால் சூடே தெரியாத வரைக்கும். மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள். உள்ளே மறுநாள் வரை கனலும், வெறுங்காலோடு யாராவது மிதிப்பார்கள். தென்னந்தோப்பில் மூடாக்காகப் போட்டிருக்கும் நார்க்கழிவில் ஒரு கங்கு விழுந்தால் சுடரே இல்லாமல் நாள்கணக்கில் புகையும். அதனால் டார்ச் அடித்து அடுப்பைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.

மறுநாள் காலையில் சாம்பல் முழுக்க ஆறியிருக்கும். கம்பித்தட்டைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், ஒடிந்த முனை தட்டில் ஒட்டி அடுத்த முறை கறியோடு வாய்க்குப் போகும். நனைந்த கரியை வெயிலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவிட்டால் அடுத்த ஞாயிறுக்கு ஆகும்.